பல்லுக்கொரு செபம்

மாதா படத்து விளக்குச் சுடரில் ரம்பத்தின் பற்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டே வருகின்றன, பிடியைப் பிரகாசி பிடித்திருக்கிறாள், கரி படிந்த பல்லை அரம் தொட்டால் அது மட்டும் வெளுக்கும், எது முடிந்தது எது பாக்கி என்று தெரிந்துவிடும், பல்லுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லித்தான் அரத்தை இழுப்பாள் என் மனைவி, படகு கட்டும் பட்டறையில் என்னோடு வேலை பார்த்த சூசை, ஓய், ஒம்ம வீட்டு ரம்பம் ஒமக்கு முந்தி மோட்சத்துக்குப் போயிரும்வே என்பான், நானும் சிரிப்பேன், ஆனால் அவள் தீட்டிய ரம்பத்துக்கு எந்த மரமும் முரண்டு பிடித்ததில்லை, அவள் கண்ணில் பூ விழுந்த வருஷம் அது, அரம் நழுவி விரல் கிழிந்ததைத் துணிக்குள் மறைக்கிறாள், நான் பார்த்துவிடுகிறேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, மறுநாளே கடைத்தெருவில் மலிவான ரம்பத் தகடுகள் மூன்று வாங்கி வந்து, இனிமே இந்தத் தொல்ல ஒனக்கு வேண்டாம், மழுங்குனா தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிக்கிடலாம் என்றேன், அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி, சரிதான், மழுங்குனத வச்சிக்கிட்டு என்ன செய்ய என்றாள், அதன்பிறகு சோறு போட்டாள், செபம் சொன்னாள், பேச்சு மட்டும் குறைந்துபோனது, மாசியில் வந்த காய்ச்சலோடு போயும்விட்டாள், தன்னைத்தான் வேண்டாமென்றேன் என்று நினைத்தே போனாளோ என்று இந்த வீட்டின் சுவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவை மூன்று மாதமாகச் சும்மாதான் நிற்கின்றன.

அவளுடைய சேலைகளைக் கோயிலில் ஏழைகளுக்குக் கொடுக்கலாமென்று இன்று பெட்டியைத் திறந்தால், அடியில் துணி சுற்றிய அரம், கூடவே கடையில் வாங்கிய மூன்றில் நான் மழுங்கிற்றென்று குப்பையில் எறிந்த ஒரு தகடு, பல்லெல்லாம் கரி, பாதிப் பற்களில் மட்டும் அரம் பட்ட வெளுப்பு, அந்தத் தகட்டின் பற்கள் சூடேற்றிக் கடினமாக்கியவை, அரம் கடிக்காது, வழுக்கும், பட்டறையில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு நான் சொல்லவில்லை, தேய்ந்து வழுவழுத்துப் போயிருப்பது அரம்தான், நான் வேலைக்குப் போன பகல்களில் எத்தனை நாள் உட்கார்ந்தாளோ, மங்கிய கண்ணோடு, என் கை நோகக்கூடாதென்று, பல்லுக்கு ஒன்றாக.

தகட்டைப் பிடியில் மாட்டி விளக்கை ஏற்றுகிறேன், பிடியை யாரோ பிடித்திருப்பதுபோல் தகடு ஆடாமல் நிற்கிறது, அவள் விட்ட பல்லிலிருந்து தொடங்குகிறேன், அரம் வழுக்குகிறது, கூர் ஏறாது, தெரியும், செபம் பாதியில் நின்றுபோய், ஒன் விரலப் பாத்தேன் பிரகாசி, அதுக்குத்தான் வாங்குனேன் என்கிறேன், ஒரு பல் வெளுக்கிறது.