உப்பு பார்த்தவள்

பால் பொங்கி வந்ததை மாஸ்டர் கவனிக்கவே இல்லை. அடுப்பில் வழிந்து, தீய்ந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் துணியைத் தேடினார். முப்பத்தாறு வருஷம் தொழிற்சாலை கேண்டீனில் ஆயிரம் பேருக்குச் சோறும் டீயும் போட்ட மனுஷன், தன் வீட்டுக்கு வந்த நாற்பது பேருக்குப் பால் காய்ச்சத் தடுமாறினார் என்றால் யார் நம்புவார்கள்? நடு அறையில் அவர் மனைவி படுத்திருந்தாள். முந்தின நாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், "என்னங்க, தலை ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லி, மடித்த துணிமேலேயே சாய்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

"அத்தான், நீங்க எதுக்கு இங்க நிக்கிறீங்க? வந்து அக்கா பக்கத்துல உக்காருங்க" என்று கொழுந்தியாள் சமையலறை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"இதோ வர்றேம்மா. சர்க்கரை மட்டும் போட்டுட்டு வர்றேன்."

போட்டார். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடியும் போட்டார். ஒரு வாய் குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் தன் நாக்கை அவர் என்றைக்கு நம்பினார், இன்றைக்கு நம்ப?

நடு அறையில் திடீரென்று சிரிப்புச் சத்தம் கேட்டது. துக்க வீட்டில் இது ஒன்றும் புதிதில்லை. எவ்வளவு நேரம்தான் அழ முடியும்? யாராவது ஒருவர் போனவரின் குறும்பு ஒன்றை எடுத்துவிடுவார். அழுத முகங்களெல்லாம் சிரித்து, மறுபடியும் அழும். என்ன கதை ஓடுகிறது என்று மாஸ்டருக்கு எட்டிப் பார்க்காமலே தெரிந்தது. மகள் கோழிக்கதையை ஆரம்பித்திருந்தாள்.

அந்தக் கதை இந்த வீட்டில் பதின்மூன்று வருஷமாக ஓடுகிறது. விருந்தாளிகள் வந்தால் ஓடும், கல்யாணங்களில் ஓடும், மகளின் பள்ளிக்கூடத்து டீச்சர்மார் வந்தாலும் ஓடும். அதில் ஒரு பொய் இருந்தது. அந்தப் பொய் அவருடையது.

முதலில் மாஸ்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவருக்கு உப்பு தெரியாது. காரம் தெரியும், புளிப்பு தெரியும், எண்ணெய் காய்ந்த பக்குவம் வாசனையிலேயே தெரியும். உப்பு மட்டும் பிடிபடாது. சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சலில் நாக்கு அப்படி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கல்யாணமான முதல் வாரத்திலேயே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "நீங்க கண்ணை மூடிக்கிட்டுத்தான் உப்பு போடுறீங்க, இல்ல?" என்று கேட்டாளே தவிர, யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை என்ன ஆவது?

கேண்டீன் வாசலில் சாப்பாட்டு டோக்கன் கொடுக்கும் கூண்டில் அவளுக்கும் வேலை கிடைத்தது. தினமும் பதினொன்றரை மணிக்கு மாஸ்டர் ஒரு கரண்டிக் குழம்போடு அந்தக் கூண்டுக்குப் போவார். கம்பிகளுக்கு நடுவே அவள் உள்ளங்கையை நீட்டுவாள். அதில் ஒரு சொட்டு விடுவார். நக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினால் சரி. சுண்டுவிரலைத் தூக்கினால் ஒரு கைப்பிடி வேண்டும். உதட்டைப் பிதுக்கினால் தொலைந்தது, தண்ணீர் ஊற்றவேண்டும். "மாஸ்டர் கைரேகை பாக்கப் போயிட்டாரு, இன்னைக்கும் சாப்பாடு லேட்டுதான்" என்று ஃபோர்மேன் வரிசையில் நின்று சத்தம் போடுவார். ஊரே சிரிக்கும். புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொள்கிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதுவும் பொய்யில்லை.

அவள் பருத்துக்கொண்டே போனாள். வேலையோ நாளெல்லாம் உட்கார்ந்தபடி. வீட்டிலோ சமையல்காரப் புருஷன். கூண்டின் கதவைத் தச்சர் இரண்டு முறை அகலப்படுத்தினார். மூன்றாவது முறை அவரைக் கூப்பிட அவளுக்கு வெட்கமாகிவிட்டது. பக்கவாட்டில் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தாள். முழங்கால் போனது. சர்க்கரை வந்தது. ஐம்பதாவது வயதில், நூற்று இருபத்தெட்டு கிலோவில், இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்தார்கள். வாழைப்பழம் அளவுக்குத்தான் மிச்சம் வைத்திருக்கிறோம் என்றார் டாக்டர்.

அப்போது மகளுக்குக் கல்யாணமாகவில்லை. புதிதாக டீச்சர் வேலையில் சேர்ந்திருந்தாள். வீட்டுச் சுவரில் டைம்டேபிள் ஒட்டினாள்: இத்தனை மணிக்கு இத்தனை மடக்கு, அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. மருந்துக் குப்பியின் மூடி அளவுக்கு ஒரு கிண்ணம். மாஸ்டர் சூப் வைத்து, மெல்லிய துணியில் மூன்று முறை வடிகட்டி, அந்தக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார். அவள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு மடக்கு குடிப்பாள். "ஆயிரம் பேருக்கு அண்டாவுல ஆக்குறவருக்கு இப்ப சொப்பு வெச்சு விளையாட்டு" என்று சிரிப்பாள். சிரித்தால் தையல் வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அங்கே கேண்டீனில் மாஸ்டரின் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் குழம்பு உப்புக் கரித்தது, மறுநாள் சப்பென்று இருந்தது. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். வீட்டில் மனசு சரியில்லை என்று சமாளித்தார்.

பதினான்காம் நாள், மகளுக்குப் பிடிக்குமே என்று மிளகு தட்டிப் போட்டு ஒரு கோழி வறுத்தார். அடுப்பை அணைத்ததும் கை தானாக ஒரு துண்டை எடுத்துவிட்டது. பத்துப் பதினைந்து நாளாக ஒரு வேளைக்குக்கூட உப்பு சரியாக இருந்ததா என்று தெரியாத மனுஷன். மனசு கேட்கவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்தவளிடம் போய் நீட்டினார். "உப்பு மட்டும் பாத்துச் சொல்லு. மென்னுட்டுத் துப்பிடு" என்று கையைக் குவித்து அவள் வாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினாள்.

அரை மணி நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுக்க வேண்டியிருந்தது. தையல் விட்டிருந்தால் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் கத்தினார். "யாரு குடுத்தது?" என்று கேட்டார். மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"யாரும் குடுக்கல சார். வாசனை இழுத்துருச்சு. நானே எடுத்து வாயில போட்டுக்கிட்டேன்."

மறுநாள் காலையில், மகள் மருந்து வாங்கப் போன நேரத்தில், மாஸ்டர் கேட்டார்: "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"வேற எப்படிச் சொல்றது? நீங்கதான்னு தெரிஞ்சா அவ உங்களை அடுப்புகிட்டயே விடமாட்டா. அடுப்பு இல்லாம நீங்க என்ன பண்ணுவீங்க, சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? எனக்கென்ன, வாயைக் கட்டத் தெரியாதவன்னு ஏற்கெனவே பேர் இருக்கு. அதுலயே இதையும் சேத்துக்குவாங்க."

சேர்த்துக்கொண்டார்கள். மகள் அலமாரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் பூட்டு போட்டாள். மாஸ்டர் சமைக்கும்போது திறந்துவிடுவாள், முடிந்ததும் பூட்டிச் சாவியைக் கைப்பையில் வைத்துக்கொள்வாள். ஒரு வருஷம் அப்படி நடந்தது. ஐம்பது வயதுப் பெண்மணி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கி, "டீச்சர், ஒரு பிஸ்கட் எடுத்துக்கலாமா டீச்சர்?" என்று கேட்பாள். வீடே சிரிக்கும். மாஸ்டரும் சிரித்தார். அதை நினைத்தால்தான் இப்போதும் அவருக்குத் தன் முகத்திலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தார். நல்ல நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன, கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார். உண்மையிலேயே நல்ல நாட்கள்தான். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, பிறகு சுருட்டையாக முளைத்தது. கோடையிலும் குளிர்கிறது என்று அவருடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். தண்ணீர் குடித்து அரை மணி கழித்துச் சாப்பாடு, சாப்பிட்டு அரை மணி கழித்துத் தண்ணீர். ஒரு வாயை முப்பது முறை மெல்லவேண்டும். அவளோடு உட்கார்ந்து மென்றதில், கத்தி படாமலே மாஸ்டரும் எட்டு கிலோ இளைத்தார். எழுபது கிலோவுக்கு வந்த அன்று, கூண்டின் கதவில் திரும்பாமல் நேராக நடந்து உள்ளே போனாள். போனவள் வெளியே வந்து மறுபடியும் போனாள். வரிசை முழுவதும் காத்திருந்தது, ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. "மிச்ச ஆள் எங்க டோக்கனம்மா?" என்று ஃபோர்மேன்தான் கேட்டார். "மாஸ்டர் கொழம்புல போட்டுட்டாரு, போய் சாப்பிடுங்க" என்றாள்.

மாஸ்டர் டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடு அறைக்குள் வந்தார்.

சுவரோரமாக நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஃபோர்மேன் கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தார். மகள் அம்மாவின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"…டாக்டர் கத்துறாரு, நான் அழுறேன். இவங்க என்னடான்னா திருடித் தின்னுட்டுப் பச்சப் புள்ள மாதிரி முழிக்கிறாங்க. அப்பா பாவம், தூணு மாதிரி நிக்கிறாங்க. இல்லப்பா? நீங்களே சொல்லுங்க."

எப்போதும் இந்த இடத்தில் மாஸ்டர் தலையாட்டுவார். உடனே அவள் குரல் வரும்: "ஆமா, திருடினேன். கோழி அப்படி இருந்துச்சு, நான் என்ன பண்றது?" அதற்குத்தான் எல்லாரும் குலுங்கிச் சிரிப்பார்கள். இன்றைக்கும் எல்லாரும் தங்களை அறியாமல் அதற்குக் காத்திருந்தார்கள். குரல் வரவில்லை. வராது என்பது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உறைத்தது. கொழுந்தியாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

மாஸ்டர் இன்றைக்குத் தலையாட்டவில்லை.

"அவ திருடல" என்றார்.

"என்னப்பா?"

"அவ திருடலம்மா. நான்தான் குடுத்தேன். உப்பு பாக்கச் சொல்லிக் குடுத்தேன். எனக்கு உப்பு தெரியாது. என்னைக்குமே தெரியாது. மென்னுட்டுத் துப்புன்னு சொன்னேன், முழுங்கிட்டா. டாக்டர்கிட்ட எனக்காக மாத்திச் சொன்னா. நான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

ஃபோர்மேன் மெதுவாக எழுந்து தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குள் போனாள்.

மாஸ்டர் பின்னாலேயே போனார். அவள் தொட்டியில் தம்ளர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுவிய தம்ளர்களையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருஷம்" என்றாள் திரும்பாமல். "ஒரு வருஷம் சாவி என்கிட்ட இருந்துச்சு. பசிக்குதுன்னு அம்மா கேட்டப்பல்லாம் கடிகாரத்தைப் பாத்துட்டுத்தான் திறந்துவிட்டேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தீங்க."

"ஆமாம்மா."

"அவங்க சிரிச்சாங்கப்பா. எங்கிட்ட ஒரு தடவைகூடக் கோவப்படல."

"ஆமா."

"நேத்து காலைல சொல்லியிருந்தாக்கூடப் போதும்ப்பா. நேத்து காலைல! ஓடி வந்து அவங்களைக் கட்டிப் பிடிச்சிருப்பேன். இப்ப நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

சாகவேண்டியது நானாக இருந்திருக்கலாம் என்று சொல்ல மாஸ்டர் வாயெடுத்தார். அதுவும் தப்பிக்கிற பேச்சுதான் என்று பட்டதும் விழுங்கிக்கொண்டார். குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் அதை மூடினாள்.

"உப்பு சரியா இருந்துச்சாப்பா அன்னைக்கு?"

"சரின்னு தலையாட்டினா."

"அப்புறம் ஏன் துப்பல?"

"தெரியலம்மா. கேக்கவே இல்ல. நான் கையை நீட்டிக்கிட்டு முன்னால நின்னேன். என் கையில துப்ப மனசு வரல போல."

மகள் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நேற்றிலிருந்து அழுத அழுகை வேறு, இது வேறு. மாஸ்டர் தோளைத் தொடப் போனார், அவள் தட்டிவிட்டாள். அவர் கையை மடக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. மாஸ்டரின் தங்கை குடும்பத்தோடு வந்திறங்கினாள். "அண்ணி, போயிட்டீங்களே அண்ணி!" என்று கதறிக்கொண்டே உள்ளே வந்து, தலைமாட்டில் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு, அருகில் வந்து நின்ற அண்ணன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிச் சிரிக்கவெப்பாங்க உங்கம்மா! அந்தக் கோழியைத் திருடித் தின்னதை அவங்க வாயால கேக்கணும்… இனி யாருடி சொல்லப்போறா?"

ஃபோர்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். கொழுந்தியாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது அப்பா சொல்ற கதை அத்தை" என்றாள் மகள்.

சுவரோரத்தில் கிடந்த ஒரு நாற்காலியை எடுத்துவந்து அம்மாவின் தலைமாட்டில் போட்டாள். சமையலறை வாசலில் நின்ற மாஸ்டரைப் பார்த்தாள். அவர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்கு மனைவியின் முகம் மிகப் பக்கத்தில் தெரிந்தது.

"ஆபரேஷன் முடிஞ்சு பதினாலாவது நாளு" என்று ஆரம்பித்தார்.

புதிதாக வந்தவர்களுக்கு டீ கொடுக்கவேண்டியிருந்தது. மகள் போகவில்லை. அவர் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை, ஈரக் கைகளோடு அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.