உள்சூடு

துண்டை நனைத்துப் பிழிந்து மூன்றாக மடித்து இடது முன்கையில் போட்டுக்கொண்டு குளியலறையிலிருந்து வருகிறேன், காலையில் எழுந்ததும் முதலில் இதைத்தான் செய்கிறேன், பல் விளக்குவதற்கும் முன்னால், தண்ணீர் சில்லென்று இருக்கக் கூடாது, கை பொறுக்கும் வெதுவெதுப்புப் போதும், கட்டிலருகே வந்த பிறகுதான் அதில் யாரும் இல்லை என்பது உறைக்கிறது, அந்தத் துண்டால் என் முகத்தைத் துடைத்துக்கொள்கிறேன், பால் காய்ச்சுகிறேன், சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன், கதவைப் பூட்டி பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போகிறேன், தாரணி இறந்த பிறகு காலை என்பது இவ்வளவுதான், எதுவும் வலிக்கவில்லை, பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கண்ணை மூடுகிறேன், மூடியதும் பச்சைத் திரை விலகுகிறது, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியின் ஐசியூ, தாரணி படுத்திருக்கிறாள், மூளைக்காய்ச்சல், வாயில் வென்டிலேட்டர் குழாய், கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் துணி சுற்றிய ஐஸ் பைகள், முதுகுக்கு அடியில் குளிர்ந்த நீர் ஓடும் மெத்தை, காலையில் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரை உள்ளே விடுவார்கள், கணவன் நானும் அவள் அம்மாவான அத்தையும், அந்த நேரத்தில் உடம்பைத் துடைத்துவிடும் வேலையை ஜெஸிந்தா சிஸ்டர் எனக்குக் கொடுத்திருந்தார், சும்மா நிக்கதுக்குப் பதிலா இதச் செய்யுங்க என்று, நெற்றி, கழுத்து, கைகள், நான் துடைக்கிறேன், துண்டு சூடாகிறது, மறுபடி நனைக்கிறேன்.

சூட்டைக் கட்டுப்படுத்துகிற இடமே மூளைக்குள் கெட்டுப்போயிருக்கிறது, மருந்துக்குச் சரியாக இறங்கவில்லை, வெளியிலிருந்துதான் இறக்க வேண்டும், ஏறவிட்டால் வீக்கம் கூடும், வீங்குவதற்கு மண்டைக்குள் இடம் கிடையாது என்றார் டாக்டர், இறங்கினால் பிழைக்க வழி இருக்கிறதா என்று கேட்டேன், இறங்கட்டும், பார்க்கலாம் என்றார், அதிலிருந்து மானிட்டரின் ஓரத்தில் உடம்புச் சூட்டைக் காட்டும் அந்த ஓர் எண்தான் எனக்கு எல்லாம், செல்சியஸில் முப்பத்தேழாக இருக்க வேண்டியது, முப்பத்தொன்பதைத் தாண்டுவதும் தயங்கி இறங்குவதும், வெளியே காத்திருக்கும் கூடத்துக்கு ஜன்னல் இல்லை, இரும்பு நாற்காலிகள் ஒன்றோடொன்று இணைத்துத் தரையில் அறைந்தவை, அதில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறேன், சுவரிலும் அந்த எண் ஓடுகிறது, இப்போது பேருந்துக் கண்ணாடியிலும். ஒரு காலை, அத்தை புறங்கையை மகளின் நெற்றியில் வைத்தாள், அவளை வளர்த்த காலமெல்லாம் காய்ச்சலைப் பார்த்த அதே புறங்கை, காச்சல் உட்டுப்போச்சுங்க மாப்ள, சில்லுனு இருக்குது பாருங்க, நான் அழைப்பதற்குள் வெளியே போய்விட்டாள், கூடத்தில் இருந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னாள், யாரோ ஊருக்கு ஃபோன் போட்டார்கள், முன்பின் தெரியாத ஒரு பெண்மணிகூட அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் ஒரு கணம் நம்பினேன், மானிட்டரைப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்த அந்த ஒரு கணம். ஜெஸிந்தா நாகர்கோவில்காரர், அத்தையை உள்ளே கூப்பிட்டு, மூக்கு வழியாக நெஞ்சுவரை போயிருக்கும் மெல்லிய கம்பியைக் காட்டினார், இதுதான் உள்ளுக்குள்ள இருக்க சூடச் சொல்லும், நீங்க தொட்டது ஐஸுக்க தணுப்பு அம்மா, பிள்ளைக்க தணுப்பு இல்ல.

அத்தை அதை நம்பவில்லை, எப்படி நம்புவாள், அவள் தொட்டது சில்லென்றுதான் இருந்தது. மீன் கடையில வெச்சாப்புல வெச்சிருக்கறீங்க, உங்க ஊட்டுப் புள்ளையா இருந்தா இப்படிப் போடுவீங்களா என்றாள், எனக்க பிள்ளைன்னா இன்னும் ரெண்டு பை கூட வைப்பேன் என்றார் ஜெஸிந்தா, கையுறை மாட்டியபடியே, கோபமில்லாமல். பிறகு தாரணிக்கு நடுக்கம் கண்டது, தாடை, தோள், மார்பு என்று மெல்லிய அதிர்வு, நடுங்கினால் அந்த நடுக்கமே சூட்டை உண்டாக்கும், மருந்து ஏற்றினார்கள், கம்பளிக் காலுறையும் கையுறையும் வாங்கிவரச் சொன்னார்கள், கையும் காலும் கதகதப்பாக இருந்தால் உடம்பு குளிரை அவ்வளவாக உணராது, நடுக்கம் குறையும், அப்படி அதை ஏமாற்ற வேண்டும், நான்தான் மாட்டிவிட்டேன், ஐஸுக்கு நடுவில் படுத்திருக்கிறவளுக்குக் காலில் கம்பளி. அத்தை அதைப் பார்த்தாள், பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாள், மறுநாள் முந்தானைக்குள் ஒரு போர்வையை மறைத்துக்கொண்டு வந்தாள், காலுக்குப் போடலாம்னா மேலுக்குப் போடக் கூடாதுங்களா, ஒரே ஒரு நிமிஷம் மாப்ள, பெத்தவ கேக்கறேன். நான் கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றேன், போர்வையின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில், பின்னால் தாரணி நடுங்குவதைப் பார்க்காமலே தெரிகிறது, கட்டில் கம்பி என் இடுப்பில் அதிர்கிறது, வேண்டாங்க அத்தை, வேண்டாங்க, இந்தப் பக்கமும் நகர முடியாது அந்தப் பக்கமும் நகர முடியாது, இப்போதும் அங்கேதான் நிற்கிறேன், கவுண்டரில் யாரோ பணம் எடுக்கும் சீட்டை நீட்டுகிறார்கள், வாங்குகிறேன், முத்திரை குத்துகிறேன், இடுப்பில் கம்பி அதிர்கிறது.

அப்புறம் அந்த எண் இறங்கியது. முப்பத்தெட்டு, முப்பத்தேழு, நிற்காமல் அதற்கும் கீழே, தானாக. அத்தை என் கையைப் பற்றினாள், நானும் பற்றிக்கொண்டேன், ஜெஸிந்தா வந்து எண்ணைப் பார்த்தார், டார்ச்சால் கண்களைப் பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டார், அவர்கள் திரையை இழுத்து மூடி வெகுநேரம் எதையெதையோ சோதித்தார்கள், திறந்தபோது ஜெஸிந்தா ஐஸ் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார், அத்தை போர்வையை விரித்தாள், கழுத்துவரை இழுத்து இரண்டு பக்கமும் செருகினாள், சிஸ்டர் தடுக்கவில்லை. அதில் எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் வந்து சொன்னது அதற்கப்புறம்தான், மூளை முழுவதும் நின்றுவிட்டது, இனி இந்த உடம்பு சூட்டைத் தானாக வைத்துக்கொள்ளாது என்று.

துக்கம் கேட்டு வருகிறவர்களிடம் அத்தை சொல்கிறாள், மயக்கம் போடுவதற்கு முன்னால் தாரணி அம்மா என்று கூப்பிட்டாளாம், கடைசிப் பேச்சு அதுதானாம், அப்போது அத்தை ஊரில் இருந்தாள், வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன், ஆமாங்க என்று தலையாட்டுகிறேன், அவளுக்கு அது இருக்கட்டும். எனக்கு இருப்பது வேறு, அவள் மயங்கிய அன்று காலை, இந்தக் கட்டில், இதே வெளிச்சம், மார்கழியிலும் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறவள் முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் படுத்திருக்கிறாள், பற்கள் அடித்துக்கொள்கின்றன, கண்ணைத் திறக்கவில்லை, நான் வந்து நிற்பது மட்டும் எப்படியோ தெரிகிறது அவளுக்கு, குளுருதுங்க மாமா, போத்தி உடுங்க.