காளான் டொக்டரின் மகள்

புலம்பெயர்ந்து மல்கிரேவில் வாழும் தமிழர்களிடம் ஜெயரட்ணம் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ‘காளான் டொக்டர்’ என்றால் உடனே தெரியும். அவர் ஓர் உளவியலாளர். போரில் நொந்து வந்தவர்களுக்குப் போதைக் காளான் மருந்தாகும் என்று மேடைக்கு மேடை சொன்னவர். சொன்னதோடு நில்லாமல் சட்டத்துக்கு மறைவாக வீட்டில் வைத்துக் கொடுத்தும் பார்த்தார். அதை உட்கொண்ட ஒருவர் புத்தி பேதலித்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஜெயரட்ணத்தின் தொழில் உரிமம் பறிபோனது. கோயிலுக்குப் போனாலும் சனம் விலகி நின்றது. பள்ளிக்கூடத்தில் மகள் தாட்சாயினி பட்ட கேலி கொஞ்சமல்ல.

அவர் கண்ணை மூடிய பிறகுதான் சட்டம் மாறியது. அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இத்தகைய மருந்துகளைக் கொடுக்கலாம் என்றானது. அப்படி ஒரு சிகிச்சை நிலையத்தில் தாட்சாயினி இப்போது நர்ஸ். அப்பாவின் பெயரை அங்கே அவள் வாய்திறந்து சொன்னதில்லை.

ஒருநாள் யோகா என்ற பெண்மணி கணவர் நித்தியானந்தனோடு வந்தார். வன்னியில் பதுங்குகுழிக்குள் மகளை மடியிலேயே இழந்தவர். அன்றிலிருந்து பிள்ளையின் பெயரை அவரால் உச்சரிக்க முடியவில்லை.

நித்தியானந்தன் தாட்சாயினியை உற்றுப் பார்த்தார். “பிள்ளை, நீங்கள் ஜெயரட்ணத்தின்ரை மகளெல்லோ?”

ஆமென்றால் இருவரும் எழுந்து போய்விடுவார்கள் என்றே நினைத்தாள். ஆனாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“ஓம் அங்கிள். அப்பா பிழையும் விட்டவர். ஒரு ஆள் பாதிக்கப்பட்டவர். இஞ்சை முதலிலை எல்லாம் செக் பண்ணித்தான் தருவினம். மருந்தின்ரை வேகம் அடங்குமட்டும் நாங்கள் ரெண்டு பேர் பக்கத்திலை இருப்பம்.”

“அந்தப் பிழையை அவரே சொன்னவர்,” என்றார் யோகா. “எனக்கும் தாங்கோ எண்டு அவரிட்டைப் போய் அழுதனான். மாட்டன் எண்டிட்டார். ‘மறைச்சுக் குடுத்து ஒருத்தரை நாசமாக்கிப்போட்டன், தங்கச்சி. வெளிச்சத்திலை குடுக்கிற காலம் வரும். அதுவரைக்கும் உயிரோடை இருங்கோ’ எண்டவர். பிறகு சாகுமட்டும் கிழமைக்குக் கிழமை போன் எடுத்து, ‘இருக்கிறியளோ?’ எண்டு கேட்பார். அதுக்கு ஓம் எண்டு சொல்லத்தான் நான் இருந்தனான்.”

உரிமம் போனபின் அப்பா ஒன்றுமே செய்யாமல் முடங்கிக் கிடந்தார் என்றல்லவா தாட்சாயினி நினைத்திருந்தாள்!

சிகிச்சையன்று யோகா காளான் மருந்தை விழுங்கிவிட்டு, கண்களைத் துணியால் மறைத்துக்கொண்டு படுத்திருந்தார். முதலில் நடுங்கினார். மத்தியானம் தாண்டியதும் உதடுகள் அசைந்தன.

“சங்கரி... என்ரை சங்கரி.”

அழுதபடியே திரும்பத் திரும்பச் சொன்னார். தாட்சாயினி அவர் கையை விடவில்லை.

ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் பேசிப் பேசித்தான் பாரம் இறங்கியது. வீட்டு ஹோலில் யோகா மகளின் படத்தை மாட்டினார். ஒருநாள் சிகிச்சை நிலையத்தில் பேசி முடித்து எழும்பும்போது தாட்சாயினியிடம் கேட்டார்:

“வீட்டிலை உங்கடை அப்பா எப்பிடி இருந்தவர், பிள்ளை?”

“ஐயோ அன்ரி, சரியான சத்தக்காரன்! குசினிக்குள்ளை நிண்டு பாட்டுப் பாடிப் பாடியே பருப்பை அடிப்பிடிக்க விடுவார்.”

யோகா வாய்விட்டுச் சிரித்தார். தாட்சாயினி கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டுக்கொண்டு அப்பாவைப் பற்றி இன்னும் சொல்லத் தொடங்கினாள்.