மூடியின் நான்காவது மூலை

துரை ஒரு மீன். ராஸ் என்ற கடல்மீன் இனம். விரல் நீளம், பச்சை உடம்பில் இளஞ்சிவப்புக் கோடுகள். பெயர் வைத்தது என் மனைவி. மாலை ஆறரை ஆனால் போதும், தொட்டியில் என்ன நடந்தாலும் சரி, மணலுக்குள் தலைகுப்புறப் பாய்ந்து படுத்துவிடும். காலையில் விளக்கு எரிந்து அரைமணி கழித்துத்தான் எழுந்து வரும்.

“ஆபீசர் மாதிரி டைம் பாத்துப் படுக்கறாரு, டைம் பாத்து எந்திரிக்கிறாரு. துரைதான் இவரு” என்றாள். அதன்பின் வீட்டில் யாரும் அவரை ‘அது’ என்று சொன்னதில்லை.

தினமும் ஆறு இருபதுக்குத் தன் அம்மாவை வீடியோவில் கூப்பிடுவாள். அத்தை வேறு ஊரில் தனியாக இருக்கிறார். துரை படுக்கப் போவதைப் பார்த்து, கையசைத்துவிட்டுத்தான் அவருடைய மற்ற பேச்செல்லாம்.

“மாமியாருக்கு மாப்பிள்ளையைவிட மீன் மேலதான் பாசம்” என்பேன் நான் சோபாவிலிருந்து.

“மீன் எதுத்துப் பேசறதில்லையே மாப்பிள்ளை” என்பார் அத்தை.

உப்புநீர்த் தொட்டி அவளுடைய வேலை. பவளம், பாறை, இரண்டு கோமாளி மீன்கள், துரை. தண்ணீர் மாற்றுவது, உப்பு அளப்பது எல்லாம் அவள்தான். நான் செய்தது ஒன்றே ஒன்று. ராஸ் மீன்கள் மிரண்டால் தண்ணீரைவிட்டு எகிறும். சிறு சந்து கிடைத்தால் போதும், வெளியே வந்து விழுந்துவிடும். அதனால் தொட்டிக்கு வலை மூடி வேண்டும் என்றாள். நான் கட்டட வரைபடம் போடுகிறவன். அளவெடுத்து அலுமினியச் சட்டம் வெட்டிக் கொடுத்தேன். மூன்று மூலைகள் கச்சிதமாக உட்கார்ந்தன. நான்காவது அரை அங்குலம் குறைந்தது.

“ஊர்ப்பட்ட கட்டடத்துக்கெல்லாம் அளவு போடறீங்க. வீட்டுத் தொட்டிக்குக் கோட்டை விட்டுட்டீங்களே!”

“அடுத்த ஞாயித்துக்கிழமை புதுசு வெட்டித் தரேன்.”

அவள் சிரித்துக்கொண்டே அந்த மூலையில் வலையை இழுத்து ஒரு துணி கிளிப்பை மாட்டினாள். நீல நிறம். இரண்டு வருடம் அந்த கிளிப்தான் அங்கே இருந்தது.

அவளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை டாக்டரிடம் போகலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். புதன்கிழமை இறந்துபோனாள்.

வீடு முழுக்க ஆட்கள். யாரோ மின்விசிறி போடுவதற்காகத் தொட்டி விளக்கின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார்கள். நான் கவனிக்கவில்லை. எல்லோரும் கிளம்பிய பிறகு, நான்காம் நாள்தான் தொட்டி இருட்டாக இருப்பதைப் பார்த்தேன். விளக்கைப் போட்டேன். கோமாளிகள் இரண்டும் சாப்பாட்டுக்கு ஓடி வந்தன. துரை வரவில்லை.

துரையை வாங்கிவந்த புதிதில் ஒருமுறை இப்படி நடந்திருந்தது. தொட்டியில் விட்டதும் மணலுக்குள் போனவர் எட்டு நாள் வெளியே வரவில்லை. “மீன் வாங்கினியா, மணல் வாங்கினியா?” என்று நான் கேலி செய்தேன். “கிளறாதீங்க. பயந்திருக்காரு. அவரா வருவாரு” என்றாள். வந்தார்.

விளக்கு அணைந்த நாளிலிருந்து கணக்கு வைத்து, இந்த முறையும் எட்டு நாள் பொறுத்தேன். வரவில்லை. ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், செத்துவிட்டார் என்று முடிவு செய்தேன்.

அத்தை தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆறு இருபதுக்கு அல்ல. எட்டு மணிக்கு மேல். சாப்பிட்டேனா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன். அன்று கேட்டார்:

“துரை எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்காரு அத்தை. படுத்துட்டாரு.”

“நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே. சாயங்காலமே கூப்பிடறேன். எனக்குக் கொஞ்சம் காட்டுங்க. அவ காட்டற மாதிரி.”

சரி என்றேன். அவருடைய பெண்ணை என்னிடம் கொடுத்திருந்தார். இனி மீனும் செத்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை மீன் கடைக்குப் போனேன். கடைக்காரரை அவள் ‘உப்பண்ணன்’ என்றுதான் கூப்பிடுவாள். விஷயம் அவருக்குத் தெரியாது. தங்கச்சி வரலையா என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

துரையைப் போலவே ஒன்று வேண்டும் என்றேன்.

“பழசு என்ன ஆச்சு சார்?”

“செத்துருச்சு.”

“பாத்தீங்களா? உடம்பு கெடச்சுதா?”

“இல்ல. ஒம்பது நாளா ஆளைக் காணோம்.”

“அது மண்ணுக்குள்ள கெடக்கற ஜாதி சார். ஒம்பது நாளெல்லாம் ஒரு கணக்கே இல்ல. ஒரே தொட்டில இந்த ஜாதி ஆண் ரெண்டு இருந்தா வெட்டு குத்துதான். எதுக்கும் இந்தப் பெட்டியையும் எடுத்துட்டுப் போங்க.”

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி. சுற்றிலும் ஓட்டைகள். தொட்டிக்குள்ளேயே தொங்கவிட வேண்டும். புது மீன் அதற்குள் ஒரு வாரம் இருக்கும். பழைய மீன் இருந்தால் வெளியிலிருந்து பார்த்துப் பழகிக்கொள்ளும். பழகாவிட்டால் புதியதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம்.

“ஒரு வாரம் சார். நடுவுல பாவம் பாத்துத் தொறந்து விட்றாதீங்க.”

புது மீனைப் பெட்டியில் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியைப் பார்த்தேன். துரை எதற்குப் பெட்டியில் இருக்கிறார் என்று அத்தை கேட்பார். கிளிப்பைக் கழற்றி, மூடியின் மூலையைத் தூக்கி, பெட்டியைக் கவிழ்த்தேன். மீன் பாறைக்குப் பின்னால் ஓடியது. நாலு மணிக்கெல்லாம் வெளியே வந்து தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. பயமே இல்லாத மீன்.

ஆறு இருபதுக்கு அத்தை கூப்பிட்டார். கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தேன்.

“அடேயப்பா, துரை கொழுத்துட்டாரே! நல்லா கவனிக்கிறீங்க மாப்பிள்ளை.”

மீன் மணலுக்குள் போனது. அத்தை கையசைத்தார். பல நாளுக்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்தேன். திங்கட்கிழமையும் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து ஐந்தரைக்கு வந்தேன். தொட்டியில் இரண்டு பச்சை மீன்கள். ஒன்று பாறைச் சந்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மெலிந்து, நிறம் மங்கி, வால் கிழிந்து. மற்றது அதன் முன்னால் துடுப்புகளை விரித்துக்கொண்டு நின்றது. மெலிந்தது நகர்ந்தால் பாய்ந்து கடித்தது.

துரை எழுந்து வந்திருந்தார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு. தன் வீட்டுக்கு.

கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

“பெட்டிக்குள்ளதானே சார் இருக்கு புதுசு?”

“இல்ல. ஞாயித்துக்கிழமையே விட்டுட்டேன்.”

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. “புதுசைப் புடிச்சுத் திரும்பப் பெட்டில போடுங்க. பழசு ரொம்ப மெரண்டிருக்கும். மூடி பத்திரம்” என்றார்.

மூடியைக் கழற்றி வலையோடு முக்கால் மணி நேரம் துரத்தினேன். பாறைகளுக்கு நடுவே வலை சிக்கியதுதான் மிச்சம். நடுவில் அத்தையின் அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. ஆறரைக்கு இரண்டும் ஆளுக்கொரு மூலையில் மணலுக்குள் போய்விட்டன. அதன்பின் பிடிக்க வழியில்லை. மூடியைத் திரும்ப வைத்தேன். நீல கிளிப்பைத் தேடினேன். தொட்டி மேல் இல்லை, தரையில் இல்லை. நாளைக்குத் தேடிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை விளக்கு எரிவதற்கு முன்பே வேலைக்குப் போனேன். ஒரு கட்டட வரைபடம் அன்று தர வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது புதியது மட்டும் நீந்திக்கொண்டிருந்தது. துரை பயந்து மணலுக்குள் இருக்கிறார் என்று நினைத்தேன். இந்த முறை அவசரப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரை வைத்து, வியாழக்கிழமை புதியதைப் பெட்டியில் பிடித்தேன். தொட்டியைத் துரைக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அத்தையிடம் வேலை அதிகம் என்று குறுஞ்செய்தி அனுப்பினேன்.

சனிக்கிழமை துணி துவைக்க எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த சட்டையின் பையில் நீல கிளிப் இருந்தது.

கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. போய், தொட்டி நிற்கும் மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். நான்காவது மூலைக்கு நேர் கீழே கிடந்தார். காய்ந்து, சருகு போல. கோடுகள் மட்டும் தெரிந்தன. பால்கனிக் கொடியில் பதினான்கு துணி கிளிப்புகள் மாட்டியிருந்தன. செவ்வாய்க்கிழமையும் அவை அங்கேதான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஆறு இருபதுக்கு நானே கூப்பிட்டேன்.

“வேலை முடிஞ்சுதா மாப்பிள்ளை? எங்க துரை?”

“துரை இல்ல அத்தை. செத்துட்டாரு.”

“என்ன சொல்றீங்க? எப்ப?”

“புதன்கிழமையா இருக்கும். நேத்துதான் பாத்தேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். மணலில் இருந்தது, கடை, பெட்டி, கிளிப்.

“அப்ப நான் டாட்டா காட்டினது?”

“கடைல வாங்கினதுக்கு.”

“பொய் சொல்லச் சொல்லி நான் கேட்டேனா மாப்பிள்ளை?”

“இல்ல.”

“செத்துட்டாருன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அழறது எனக்கென்ன புதுசா? நீங்க சும்மா இருந்திருந்தா அவரு பாட்டுக்கு எந்திரிச்சு வந்திருப்பாரு. அவ தொட்டி, அவரு எடம்.”

“ஆமா அத்தை.”

“ஆமான்னு சொல்லாதீங்க. எல்லாத்துக்கும் ஆமா சொல்றீங்க.”

அத்தை திரையை நெருங்கிப் பார்த்தார்.

“அந்த மூலையைக் காட்டுங்க” என்றார்.

காட்டினேன். நீல கிளிப் மாட்டியிருந்தது.

“அழுத்திப் பாருங்க. ஆடுதே. இது பத்தாது. இன்னொண்ணு எடுத்துட்டு வாங்க.”

கைபேசியை மேசையில் சாய்த்துவிட்டுப் பால்கனிக்குப் போனேன். திரும்பி வந்தபோது திரையில் அத்தை இல்லை. அவர் வீட்டு விட்டமும் ஓடாத மின்விசிறியும் தெரிந்தன. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் இரண்டாவது கிளிப்பை மாட்டினேன்.

“மாட்டியாச்சா?” என்றது குரல்.

“மாட்டியாச்சு.”

“அந்தச் சட்டத்தையும் புதுசா வெட்டிடுங்க. சரியா அளந்து.”

“சரி அத்தை.”

கிளிப்புகளைக் கழற்றி, பெட்டியைத் திறந்து புதியதை வெளியே விட்டு, இரண்டையும் திரும்ப மாட்டினேன். இனி அது பெட்டியில் இருக்கக் காரணம் இல்லை. ஆறரைக்கு அது மணலுக்குள் பாய்ந்தது. அத்தை பார்க்கக் கேட்கவில்லை. நானும் கைபேசியைத் திருப்பவில்லை.