ரிட்சுவின் ஆயிரம் வருட மிட்டாய்

கோயில் வாசல் கடையில் சிகுசா இரண்டு மிட்டாய்ப் பை கேட்டாள். கடைக்காரம்மா, கிமோனோவில் நின்ற மூன்று வயது மகள் கொத்தோவைப் பார்த்துவிட்டு இன்னொரு பிள்ளையைத் தேடினாள்.

"மூத்தவன் வீட்ல இருக்கான். இந்த வருஷம் அஞ்சு வயசு," என்றாள் சிகுசா.

பக்கத்தில் நின்ற அவள் கணவன் தகேஹிரோ இரண்டு பைக்கும் காசை எடுத்துக் கொடுத்தான். மூத்தவன் ரிட்சு போன கோடையில், காய்ச்சல் மூளைக்கு ஏறி ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான்.

நவம்பரில் மூன்று வயதுப் பெண்ணுக்கும் ஐந்து வயதுப் பையனுக்கும் கோயிலில் வேண்டிக்கொண்டு, ஆயிரம் வருடம் வாழட்டும் என்று நீள மிட்டாய் கொடுப்பார்கள். சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. பையில் நீண்ட ஆயுளுக்கு அடையாளமாகக் கொக்கும் ஆமையும் வரைந்திருக்கும்.

காரில் ஏறியபிறகுதான் தகேஹிரோ வாயைத் திறந்தான்.

"நூறு வருஷம் ஆயிரம் வருஷம்னு குடுக்கற மிட்டாய். அவனுக்கு எதுக்கு சிகுசா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்சீட்டில் கொத்தோ தன் மிட்டாயைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனாள்.

வீட்டில் மகன் படத்துக்கு முன்னால் பையைச் சாய்த்து வைத்துவிட்டு, சிகுசா சமைக்கப் போனாள். ரிட்சுவின் எந்தப் பொருளையும் யாரும் தொட அவள் விடுவதில்லை. அவனுடைய செருப்புகூட வாசலில் அப்படியே இருந்தது. திரும்பி வந்து பார்த்தால், கொத்தோ அந்தப் பையை மடியில் வைத்திருந்தாள்.

சிகுசா கத்தியதில் குழந்தை மிரண்டுவிட்டது. ஆனாலும் பையை விடவில்லை.

"அண்ணா தின்னவேல்ல. பெரிசா இருக்கு. உடைச்சுக் குடும்மா."

சிகுசா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். தகேஹிரோ மகளிடமிருந்து பையை மெதுவாக வாங்கினான். மிட்டாயைத் துணியில் சுற்றி, சப்பாத்திக் கட்டை போன்ற உருளையால் தட்டினான். ஓங்கித் தட்டியதில் ஒன்று தூளாகிப்போனது. பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துப் படத்தின் முன் வைத்தான். பிறகு அங்கேயே குனிந்து அழுதான். மகனின் சாவிலும் அழாதவன்.

சிகுசா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் கரைந்தது.

அந்த மிட்டாயை அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பது வழக்கம். மீதியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக் குரோஇவாவின் கதவைத் தட்டினாள். தனியாக இருக்கும் வயசாளி அவர்.

"கொத்தோவோடதாம்மா?"

"இல்லீங்க. ரிட்சுவோடது."

அவர் உடனே வாங்கவில்லை. சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, தலைகுனிந்து, "பையனுக்கு அஞ்சு வயசு ஆச்சு. ரொம்ப சந்தோஷம்மா," என்றார்.

அவனைப் பற்றி யாரும் அவளிடம் இப்படிப் பேசி வெகுநாளாகியிருந்தது. வாசலில் நின்றபடியே அவள் ரிட்சுவின் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் பாட்டுப் பாடினால் தாளம் தப்பும், கத்தரிக்காயைக் கண்டாலே ஓடுவான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பாடு ஆறுகிறதே என்று தகேஹிரோ தேடிவந்தான். வந்தவன் அவளைக் கூப்பிடாமல், தானும் பக்கத்தில் நின்றுகொண்டான்.