டயாலிசிஸ் வாசலுக்கு மேலே ஆந்தை

அந்த ஆந்தையை வரைந்தவள் நான்தான். யாரும் என் கையைப் பிடித்து வரைய வைக்கவில்லை.

எங்கள் டிஷோமிங்கோ ஊரில் புதிதாகக் கட்டிய டயாலிசிஸ் கூடத்துக்கு எண்பதடிச் சுவர். மான், ஆமை, காட்டு வான்கோழி எல்லாம் முடிந்தும் வாசலுக்கு மேலே இடம் காலியாகக் கிடந்தது. ஆளை மேலே தூக்கும் மெஷின் கூடையில் நின்று ஓக் மரக்கிளை ஒன்றை வரைந்து, அதில் பெரிய ஆந்தையை உட்கார வைத்தேன். எங்கள் சிக்கசாப் பூர்வகுடி ஜனத்தில் சாவுச் சேதியை முதலில் கொண்டு வருவது அதுதான். எனக்குத் தெரியாதா? தெரியும். முப்பது வருஷமாகப் பறவை வரைகிறவளுக்கு எல்லாம் பறவைதான் என்று ஒரு திமிர். போகிறவர் வருகிறவர் முணுமுணுத்தார்கள். "உங்க வேலையப் பாருங்க" என்று அவர்கள் வாயை அடைத்தேன்.

கூடம் திறந்த திங்கட்கிழமை என் அண்ணன் டெல்மர் வண்டியை விட்டு இறங்கவில்லை. வாரம் மூன்று நாள் அவன் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்தாக வேண்டும். இல்லையென்றால் ஆள் மிஞ்ச மாட்டான்.

"அது இருக்கிற வரைக்கும் உள்ள வரமாட்டேன், வெர்லீன்."

"பெயிண்ட்டுண்ணே அது! கடையில டப்பாவுல வாங்கின பெயிண்ட்டு!"

"அப்ப அழிச்சிடு."

"எவன் சொல்லியும் நான் ஒரு கோடு அழிச்சதில்ல."

"தெரியுமே. பொறந்ததுலேர்ந்து உனக்கு வளையாத கழுத்து."

நர்ஸ் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். அதற்கும் அசையவில்லை. அதுவரை போய்வந்த அடுத்த ஊர்க் கூடத்தில் அவன் நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். புதனும் போனது.

வெள்ளிக்கிழமை காலை அவன் பாதம் பூட்ஸுக்குள் நுழையவில்லை. விரலால் அமுக்கினேன், குழி விழுந்தது விழுந்தபடியே நின்றது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினான். அவனை வண்டியில் ஏற்றிக் கூடத்து வாசலுக்கு ஓட்டிவந்தேன்.

வெள்ளை பெயிண்ட்டோடு தூக்குக்கூடையில் ஏறினேன். ஆந்தைக்கு நான் வைத்த கண்தான், ஆனாலும் நேராகப் பார்க்க முடியவில்லை. ஒரு பூச்சு அடித்தேன். காய்ந்ததும் இரண்டு மஞ்சள் வட்டம் எட்டிப் பார்த்தது. இன்னொரு பூச்சு. அப்போதும் தெரிந்தது. கீழே வண்டியில் அவன் தலை தொங்குகிறது. ஐயோ, போதுமே, விடேன் என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே தகட்டால் சுவரைச் சுரண்டினேன். சிமெண்ட் தெரிந்த பிறகுதான் கை நின்றது.

இறங்கி வந்தபோது டெல்மரே வண்டிக் கதவைத் திறந்தான். நர்ஸும் நானும் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனோம். மெஷின் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவன் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. எனக்கும் வாய் வந்தது.

"பயந்தாங்கொள்ளி! உசுரு போயிருந்தா? பின்வாசல்ல வந்தா என்னவாம்?"

"எனக்கென்னடி பயம்? கிட்னி போனவனுக்கு ஆந்தை வந்து என்ன புதுசா சொல்லப் போவுது?"

"பின்ன எதுக்குண்ணே இந்தக் கூத்து?"

அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"அது மூஞ்சிக்கு நேரா நாள் கணக்கா கூடையில நின்னது யாரு, நானா? உனக்காக அழின்னு சொன்னா அழிச்சிருப்பியா?"

அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் நாளை எண்ணினேன். அதை வரைய அதன் மூஞ்சிக்கு நேராகப் பதினோரு நாள் நின்றிருக்கிறேன்.