லேசோ முனையில் ஒரு முடிச்சு

மொம்பாசாவில் லேசோ என்னும் அச்சுத்துணி கட்டும் பெண்கள் கைப்பையைத் தேடி அலைவதில்லை. கட்டியிருக்கும் துணியின் முனையிலேயே காசை முடிந்துகொள்வார்கள். விளம்பரப் படம் வரையும் கடை வைத்திருந்த மிஷி அந்த முடிச்சைத்தான் சின்னமாக வரைந்தாள். அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களுக்காக ஜுஹுரா நடத்திய மறைவிடத்துக்கான சின்னம் அது.

பெயர்ப்பலகை கிடையாது, முகவரி கிடையாது. அழகு நிலையக் கண்ணாடியிலும் தையல் கடைச் சுவரிலும் சின்னதாக ஒரு முடிச்சுப் படம், அவ்வளவுதான். அதைப் பார்த்தவள் கடைக்காரியிடம் தன் லேசோ முனையை முடிந்து காட்ட வேண்டும். யார், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. நேரே அந்த மறைவு வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். கேள்வி கேட்டே இந்தப் பெண்களை ஊர் கொன்றுவிட்டது என்று மிஷி சொல்வாள். அந்த விதியும் அவள் போட்டதுதான்.

அவள் கூலி வாங்கவில்லை. தங்கை சவுமு அந்த வீட்டில்தான் இருந்தாள். புருஷன் கோம்போ அவள் தோள் எலும்பை உடைத்திருந்தான்.

"அக்கா, ஆம்பளைங்களுக்கு இதோட அர்த்தம் தெரிஞ்சா அன்னைக்கே எல்லாம் போச்சு," என்றாள் மிஷி.

"என் பிள்ளைங்க மேல சத்தியம்டி," என்று ஜுஹுரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மிஷியும் நம்பித் தொலைத்தாள்.

அந்தக் கடலோர ஊர்களில் எந்த விசேஷம் என்றாலும் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி லேசோ கட்டியாக வேண்டும். ஜுஹுராவும் நன்கொடை விருந்துக்கு அப்படியே அச்சடித்துவிட்டாள். நடுவில் பெரிதாக முடிச்சு. ஆண்களுக்கு அதே படம் போட்ட தொப்பி. போதாக்குறைக்குத் தொலைக்காட்சியில் சிரித்துச் சிரித்து முடிச்சின் அர்த்தத்தையும் கேள்வி கேட்காத விதியையும் விளக்கினாள். டீக்கடையில் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்த மிஷி அதைப் பார்த்தாள்.

பக்கத்து மேசைக்காரன், "ஓ, நம்ம தெரு பியூட்டி பார்லர் கண்ணாடியில இருக்கிறது இதானா," என்றான்.

மிஷி எழுந்து ஓடினாள். ஜுஹுரா வீட்டில் இன்னும் விருந்தாளிகள் இருந்தார்கள். சவுமுவை இப்போதே வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி மிஷி கெஞ்சினாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றாள் ஜுஹுரா.

"காட்டாம எவன்டி காசு கொடுப்பான்? உன் வேலையை ஊரே பேசுது, சந்தோஷப்படுவியா!"

பாவி. மிஷிக்கு அவள் முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது. ஆனால் மறைவு வீட்டின் சாவி அவளிடம்தானே இருந்தது.

மறுநாள் மதியம் மிஷியின் கடைக்குக் கோம்போ வந்தான். விருந்து லேசோ ஒன்றை மடித்து மேசையில் வைத்தான். குரலில் கோபமே இல்லை.

"காலையில எங்கம்மாதான் இதைக் கட்டிக்கிட்டு பியூட்டி பார்லருக்குப் போனாங்க, மதினி. முனையை முடிஞ்சு காட்டினாங்க. ஒரு வார்த்தை கேக்கலையாம், மரியாதையா வீட்டுக்கே கூட்டிட்டுப் போனாங்களாம். நான் வண்டியில பின்னாடியே போனேன். நல்ல ஏற்பாடு."

அவன் போன பிறகு மிஷி துணியைப் பார்த்தாள். முனையில் ஒரு முடிச்சு இருந்தது. அவிழ்த்தாள். உள்ளே சவுமுவின் மூக்குத்தி இருந்தது.